செவேயின் மேல் கொட்டாத மண்

இன்ஜினியர் அம்மா சுண்ணாம்புத் தூள் தூவிக் காட்டிய இடத்தில் நாங்கள் ஒருவரும் மண் கொட்டவில்லை. கூடிப் பேசி எடுத்த முடிவு இல்லை அது. முதல் டிப்பர் வந்தது. கொட்டும் இடம் காட்டுகிற ஒமூகா சிவப்புக் கொடியைத் தூக்கி இடது பக்கம் வீசினான். வண்டி இடது பக்கம் போனது. பின்னால் வந்த வண்டிகளும் போயின. இடது பக்கத்தில் ரயில் பாலத்தின் மூன்றாவது தூண் நின்றது. அதன் காலடியில் கொஞ்சம் மேடான, காய்ந்த தரை. மண் குவிக்க அதைவிட நல்ல இடம் இல்லை என்றுதான் பார்க்கிற எவனும் சொல்வான்.

நான்காவது வண்டி என்னுடையது. கண்ணாடியை இறக்கினேன்.

"கோடு அந்தப் பக்கம்ல போட்டிருக்கு?"

"கோடு போட்டவளுக்கு அங்க யாரு படுத்திருக்கான்னு தெரியுமா?" என்றான் ஒமூகா. "உனக்குத் தெரியும்ல மச்சான்? இடது பக்கம் ஒடி. பின்னால வண்டி நிக்குது."

ஒடித்தேன்.

என் பெயர் மொகாயா. கீசி மலைக்காரன். கானோ சமவெளிக்கு டிப்பர் ஓட்ட வந்து, ஒமூகாவின் ஊரில் பெண் எடுத்து, இங்கேயே நின்றுவிட்டேன். அதனால் ஊரில் பாதிப் பேருக்கு நான் மச்சான். மலையில் இருக்கும் என் சொந்தக்காரர்கள் இந்தச் சமவெளி லுவோக்காரர்களின் சாவுச் சடங்குகளைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் கூடச் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்தக் கோட்டுக்குள் வண்டியை ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் என் கால் ஒத்துக்கொள்ளாது.

அங்கே படுத்திருந்தது ஒமூகாவின் அண்ணன் செவே. சரியாகச் சொன்னால், ஒரு காய்.

செவே ரயில்பாதைத் தொழிலாளி. தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் ஆப்புகளைச் சுத்தியலால் இறுக்கிக்கொண்டே நடப்பது அவன் வேலை. பெருவெள்ளம் வந்த வருஷம் மலையிலிருந்து வேரோடு வந்த மரங்களும் கோரைத் திட்டுகளும் மூன்றாவது தூணில் சிக்கி அடைத்துக்கொண்டன. பாலம் போய்விடும் என்று பயந்து ஆட்களைக் கழியோடு இறக்கினார்கள். செவே இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினான். அடைப்பு ஒரே புரட்டாகப் புரண்டது. கயிறு மேலே வந்தது. போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது. அதற்குள் ஆள் இல்லை.

ஆறு போய்ச் சேரும் ஏரிக்கரை முழுக்கத் தேடியும் உடல் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காதவனை லுவோக்காரர்கள் அப்படியே விடமாட்டார்கள். புதைபடாதவன் திரிவான். திரிகிறவன் முதலில் தேடி வருவது சொந்த வீட்டைத்தான். யாகோ மரத்தில் உலக்கை மாதிரித் தொங்கும் காய்களில் ஒன்றைப் பறித்து, அதற்கு அவனுடைய நீலச் சட்டையைச் சுற்றி, பெட்டியில் வைத்து ஆணி அடித்து, பெயர் சொல்லி அழுது, தலை மழித்து, வீட்டு வாசலுக்கு வலப்புறம் புதைத்தார்கள். அதற்குப் பிறகு அதைக் காய் என்று யாரும் சொல்வதில்லை. அது செவே. அது அங்கே கிடக்கும்வரை அவன் எங்கும் போகமாட்டான்.

பிறகு, செத்தவனின் தம்பி என்ற முறைப்படி, ஒமூகா அண்ணி அபோண்டியின் வீட்டுக்குள் போனான். அபோண்டிக்கு அவன் புருஷன் இல்லை, புருஷனுடைய வீட்டைக் காப்பவன். போன வருஷம் ஒரு பெண் குழந்தை பிறந்தது. முறைப்படி அதுவும் செவேயின் மகள். ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், ஒமூகாவின் முகத்துக்கு நேராகவே, அவனைப் புண்படுத்தும் எண்ணம் கொஞ்சமும் இல்லாமல்.

ஒரு நாள் பீர் குடிக்கும்போது கேட்டுவிட்டேன். "உழுறது நீ, விளைச்சல் அவன் பேர்லயா?"

ஒமூகா சிரித்தான். "செத்தவன் பேர்ல இருந்தா என்ன மச்சான்? செத்தவன் பங்குக்கு வரமாட்டான். அவன் செத்தவனா இருக்கணும். எனக்கு அவ்வளவுதான் வேணும்."

அவன் கதை முழுக்க அதற்குள் அடங்கிவிட்டது. செவே மண்ணுக்குள் ஒழுங்காகக் கிடந்தால் ஒமூகாவுக்கு ஒரு வீடு உண்டு, ஒரு பெண் உண்டு, ஒரு குழந்தை உண்டு. செவே எழுந்துவிட்டால் ஒமூகா மறுபடியும் தம்பி. வேறொன்றுமில்லை.

புது ரோடு வந்தது. கிசுமுவுக்குப் போகும் பெரிய ரோடு, ரயில்பாதையை ஒட்டியே. அவர்களுடைய பழைய வீட்டு வளவை எடுத்துக்கொண்டார்கள். ஒமூகாவின் அப்பா, அம்மா இருவர் கல்லறைகளையும் தோண்டி, புதுப் பெட்டி வாங்கி, ஆடு வெட்டி, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மேட்டு நிலத்தில் கட்டிய புது வீட்டருகே மாற்றிக் கொடுத்தார்கள். செவேயின் கல்லறைக்கு முன்னால் வந்ததும் நிலம் எடுக்கும் ஆபீஸ்காரன் நின்றான்.

"இதுல யாரு?"

"என் அண்ணன்."

"உடம்பு இருக்கா, எலும்பு இருக்கா, உள்ள என்ன இருக்கு?"

"யாகோ காய்" என்றான் ஒமூகா. பொய் சொல்லத் தெரியாதவன் இல்லை அவன். ஆனால் படுத்திருப்பவனின் தலைமாட்டில் நின்றுகொண்டு அவனைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது.

ஆபீஸ்காரன் சிரிக்கக்கூட இல்லை. "பிணம் இருந்தாத்தான்யா கல்லறை. காய்க்கெல்லாம் நாங்க பெட்டி வாங்க முடியாது."

நாமே தோண்டி எடுத்துக்கொள்ளலாம் என்று ஒமூகா ஊர்ப் பெரியவர்களைக் கேட்டான். அவர்கள் ஒப்பவில்லை. "தொறந்து பாத்து ஒண்ணுமில்லேன்னா எதைத் தூக்கிட்டுப் போவே?" என்றார்கள். வீடு போனது, வேலி போனது, அப்பாவும் அம்மாவும் போனார்கள். செவே மட்டும் அங்கே தனியாகக் கிடந்தான்.

இன்ஜினியர் கதுங்கே அம்மாவின் வரைபடத்தில் அது வெறும் நிலம். அவள் இங்கத்தவள் இல்லை, மச்சாக்கோஸ் பக்கத்துப் பெண். முப்பது வயது இருக்கும், வெயிலில் நின்று வேலை வாங்குகிறவள். மழைக்கு முன்னால் மலையிலிருந்து சரளை மண்ணைக் கொண்டுவந்து குவித்துவிட வேண்டும் என்பது அவள் திட்டம். பாலத்தை விட்டு நன்றாகத் தள்ளி, அந்த வெறும் நிலத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டாள். "பாலத்துப் பக்கம் ஒரு கூடை மண்ணுகூட விழக்கூடாது" என்றாள். அவள் எப்போதும் இப்படி ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பாள். தலைக்கவசம் போடு, வண்டிக்கடியில் படுக்காதே, ஒரு கூடை மண்கூட விழக்கூடாது. மறுநாளே ரோட்டின் மறுமுனையில் ஒரு மதகு இடிந்து, அவளை அங்கே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

மண்மேடு வளர்ந்தது. முதலில் ஆள் உயரம். பிறகு டிப்பர் உயரம். பிறகு அதன் மேலேயே வண்டி ஏற வழி போட்டு, மேலிருந்து கொட்டினோம். தூணின் பாதி மறைந்தது. அடியில் கிடந்த கரிசலைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: காய்ந்தால் கல், நனைந்தால் களி. ஆற்றங்கரையில் மேலே ஒரு சாண் காய்ந்திருந்தாலும் அடியில் எப்போதும் களிதான் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. மேலே பாரம் ஏற ஏற அடியில் அது பிதுங்கிக்கொண்டிருந்தது. பிதுங்குகிற களிக்குப் போக ஒரே ஒரு திசைதான் இருந்தது. ஆற்றுப் பக்கம். அந்த வழியில் தூணின் கால் நின்றது.

வேலை நடக்கும் இடத்துக்கு எதிரே அபோண்டி ஒரு தகரக் கொட்டகை போட்டு சோளமாவு உகாலியும் ஒமேனாப் பொடிமீனும் விற்றாள். நாங்கள் எல்லோரும் அங்கேதான் சாப்பிடுவோம்.

"அபோண்டி, இந்த மீன் என்னையே முறைக்குது பாரு" என்றேன் ஒரு நாள்.

"உன் மூஞ்சியப் பாத்தா செத்த மீனும் முறைக்கத்தான் செய்யும் மச்சான். பேசாம தின்னு."

"எங்க மலையில மீனுக்குத் தலைய எடுத்துட்டுத்தான் போடுவாங்க."

"உங்க மலையில மீனே கிடையாது. வாழக்காயத்தானே திங்கிறீங்க?"

எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் வந்தது. இரும்பை இரும்பு அறைகிற சத்தம். டங்.

எல்லோரும் பாலத்தைப் பார்த்தோம். உச்சி வெயில். பாலத்தின் மேல் ரயில் இல்லை, ஆள் இல்லை, ஒரு காக்கைகூட இல்லை. தண்டவாளத்துக்கு மேல் காற்று நெளிந்துகொண்டிருந்தது.

டங். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி, டங்.

அபோண்டியின் கையில் இருந்த அகப்பை சட்டிக்கு மேல் அப்படியே நின்றது.

"வெயில்ல இரும்பு விரியுது" என்றான் ஒமூகா. "சாப்பிடுங்கப்பா."

"இத்தன வருஷமா இங்க வெயிலடிக்கலியா?" என்று கேட்டாள் அபோண்டி. அவனைப் பார்த்துக் கேட்கவில்லை.

மறுநாளும் உச்சிப் பொழுதில் அடித்தது. அதற்கு அடுத்த நாளும். எங்கள் சாப்பாட்டு நேரம் சுருங்கியது. நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு வண்டிக்கு ஓடினோம். வண்டிக்குள் இன்ஜின் சத்தத்தில் அது கேட்காது. அபோண்டிக்கு ஓட இடமில்லை. அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள், மடியில் குழந்தையோடு. பல் முளைக்கும் குழந்தை, ஓயாமல் அழும். பாலம் அடிக்கும்போது மட்டும் அழுகையை நிறுத்திவிட்டுத் தலையைத் திருப்பும்.

"சத்தம் தெரியுது இவளுக்கு" என்றாள் அபோண்டி. "அவரு ஆப்பு அடிச்சா இப்படித்தான். ரெண்டு அடி, ஒரு மூச்சு, ஒரு அடி. மக கண்டுபிடிச்சுட்டா பாரு."

ஒமூகா தட்டை வைத்துவிட்டு எழுந்து போனான். கொடியை எடுக்க மறந்துவிட்டான். நான்தான் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

"என்னடா ஒமூகா?"

"யாரும் அவன் மேல மண்ணு போடலியே மச்சான். ஒரு கல்லுகூட விழாம பாத்துக்கிட்டேனே. அப்புறம் ஏன் எழுந்திரிச்சான்?"

அவனிடம் என்ன சொல்வது? நான் மலைக்காரன். வெயில்தான் என்றேன்.

ரயில்வேயிலிருந்து பாலங்களைப் பார்க்கிற மக்கோகா என்கிற பெரியவர் வந்தது அந்த வாரம்தான். தண்டவாளத்தில் ஓடும் சின்னத் தள்ளுவண்டியில் வந்தார். பாலத்தின் நடுவில் இறக்கிவிடச் சொல்லி, மூன்றாவது தூணின் மேல் குப்புறப் படுத்தார். அங்கேதான் தண்டவாளத்தைத் தாங்கும் இரண்டு இரும்புக் கர்டர்களின் முனைகள் எதிரெதிராக உட்கார்ந்திருக்கும். வெயிலுக்கு நீள்வதற்காக நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளி விட்டிருப்பார்கள். அவர் விரலை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. பிறகு எழுந்து உட்கார்ந்து, எங்கள் மண்மேட்டை வெகுநேரம் பார்த்தார். அவர் வாயிலிருந்து கெட்ட வார்த்தைகூட வரவில்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

கதுங்கே அம்மா மதியமே வந்துவிட்டாள். ஜீப்பிலிருந்து இறங்கியதும் மேட்டைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள். கோட்டுக்குள் புல் முளைத்திருந்தது.

"யாரு இங்க கொட்டச் சொன்னது?"

எல்லோரும் ஒமூகாவைப் பார்த்தோம்.

"ஒமூகா, கொடி உன் கையிலதானே இருக்கு?"

"ஆமா மேடம்."

"நான் எங்க கோடு போட்டேன்?"

"அங்க."

"அங்க போட்ட கோடு உன் கண்ணுக்கு எப்படிப்பா இங்க தெரிஞ்சுது?"

"அங்க எங்க அண்ணன் இருக்கான் மேடம்."

"அங்க கல்லறை எதுவும் கிடையாதுன்னு ஆபீஸ்ல எழுதிக் குடுத்திருக்காங்களே!"

"காய்ங்கிறதால எழுதல மேடம்" என்று நான் குறுக்கே புகுந்து விஷயத்தைச் சொன்னேன். அவள் கேட்டாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே கையிலிருந்த தலைக்கவசத்தைத் தரையில் போட்டுவிட்டாள். அவள் சிரித்திருந்தாலோ திட்டியிருந்தாலோ நன்றாக இருந்திருக்கும்.

மக்கோகா கீழே இறங்கி வந்தார். "தூண் ஆத்துப் பக்கம் நகந்திருக்கு தங்கச்சி. மேல முனையும் முனையும் முட்டிக்கிட்டு நிக்குது. மத்தியானம் இரும்பு நீள இடமில்லாம திமிறுது. அந்தச் சத்தத்தத்தான் ஊரே கேட்டுக்கிட்டிருக்கு."

"நிக்குமா?"

"இப்ப நிக்குது. மழை பெஞ்சா இந்த மேடு தண்ணியக் குடிச்சு இன்னும் கனக்கும். அப்ப கால் போகும். நான் ரயில ஆள் நடக்கிற வேகத்துக்குக் குறைச்சிருக்கேன். பாதைய மூடணும்னா மேல இருக்கிறவன் சொல்லணும். மேல இருக்கிறவன் ஏதாவது விழுந்தப்புறம்தான் சொல்லுவான்." அவர் மலைப் பக்கம் பார்த்தார். மேகம் கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது. "நாளக்கழிச்சு சாயங்காலம் பாசஞ்சர் வருது. லீவு நாளு. நிக்க இடமில்லாம ஆளு வரும்."

கதுங்கே அம்மா கணக்குப் போட்டாள். மண்ணைத் திரும்ப மலைக்கு ஏற்றிக்கொண்டு போனால் ஒரு வாரம் ஆகும். சமவெளியில் வேறெங்கே டிப்பர் இறங்கினாலும் அச்சுவரை புதையும். பழைய வீட்டு வளவாக மிதிபட்டுக் கெட்டிப்பட்டிருந்த கோடு போட்ட இடம் ஒன்றுதான் வண்டியைத் தாங்கும்.

"இப்பவே எடுத்து அங்க கொட்டுங்க" என்றாள்.

டிரைவர்கள் வண்டிகளை நிறுத்திச் சாவியை உருவினார்கள். சத்தம் போடவில்லை, கோஷம் இல்லை. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நிழலில் போய் நின்றார்கள். நானும் நின்றேன்.

அவள் ஒமூகாவிடம் வந்தாள். "நீ சொன்னா அவங்க கேப்பாங்கல்ல?"

"கேப்பாங்க."

"உங்க அண்ணன் இந்தப் பாலத்துக்காகத்தானே இறங்கினாரு?"

"ஆமா மேடம்."

"அப்ப அவரையே கேட்டுப் பாரேன், பாலம் வேணுமா வேணாமான்னு."

அவள் வாய் தவறிச் சொன்னது அது. எங்களிடம் அப்படிச் சொல்லக் கூடாது. நிழலில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஒமூகாவின் முகத்தில் வியர்வை நின்றது. என்ன நடக்கப்போகிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மண்ணைக் கொட்டவிட்டால் அண்ணன் அதற்கடியில் போய்விடுவான், பெயர் சொல்லி அழ ஒரு மேடுகூட மிஞ்சாது, பிடித்து வைக்க ஒன்றும் இல்லாதவன் வீட்டுக்குத்தான் வருவான். கொட்டவிடாவிட்டால் பாசஞ்சர்.

அப்போது கொட்டகையிலிருந்து அபோண்டி வந்தாள். குழந்தையை யாரிடமோ கொடுத்திருந்தாள். கையில் மண்வெட்டி.

"தோண்டித் தூக்கிட்டுப் போயிடலாம்" என்றாள்.

"பெரியவங்க வேணாம்னு சொன்னாங்களே?"

"பெரியவங்க காதுக்கு அந்தச் சத்தம் கேக்குதா? நீ வரியா, நானே தோண்டவா?"

நான் கூடப் போனேன். மற்றவர்கள் வரமாட்டார்கள். கல்லறையைத் திறக்கும்போது பார்க்க அவர்களுக்கு முறை இல்லை. மலைக்காரனுக்கு அந்தத் தடை இல்லை. அவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

நானும் ஒமூகாவும் மாறி மாறித் தோண்டினோம். முழங்கால் ஆழம் போனோம், இடுப்பு ஆழம் போனோம். கரிசல் கட்டிகட்டியாக வந்தது. ஒன்றுமில்லை.

காய் மக்கும். துணி மக்கும். பலகையைக் கரையான் தின்னும். ஆனால் பெட்டிக்கு அடித்த ஆணி எங்கே? ரயில்வே சட்டையின் பித்தளைப் பொத்தான்கள் எங்கே? ஒமூகா குழியில் மண்டியிட்டு ஒவ்வொரு கட்டியையும் கையால் உடைத்துப் பார்த்தான். நான்கு பக்கமும் அகலப்படுத்தினோம். துரு இல்லை. நிறம் மாறிய மண்ணும் இல்லை. யாருமே எதையுமே வைக்காத தரை மாதிரி இருந்தது.

கோடையில் கரிசல் வெடிக்கும். ஆட்டின் கால் முழுதாகப் போகிற வெடிப்பு. மேலே கிடப்பதெல்லாம் உள்ளே இறங்கிவிடும். அடுத்த மழைக்கு வாயை மூடிக்கொள்ளும். அப்படித்தான் போயிருக்கும் என்று அன்றைக்குச் சொன்னேன். கேட்கிறவர்களிடம் இப்போதும் அதைத்தான் சொல்கிறேன்.

"போயிட்டாரு" என்றாள் அபோண்டி. மேலே குழியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அவள் குரலில் பயம் இல்லை. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை.

ஒமூகா என்னைப் பார்த்தான். நிழலில் முதுகு காட்டி நின்றவர்களைப் பார்த்தான். மேகத்தைப் பார்த்தான். பிறகு குழியின் பக்கச் சுவரில் ஈரமான இடத்தில் கையை விட்டு, களியை வழித்து எடுத்தான். ஒரு முழ நீளத்துக்கு உருட்டினான். தட்டினான், வழவழப்பாக்கினான்.

"என்ன பண்ற?" என்றேன்.

"அண்ணனத் தூக்குறேன்." உதடு அசையாமல் சொன்னான். "வாய மூடிக்கிட்டு நில்லு மச்சான்."

அபோண்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவளை நிமிர்ந்து பார்த்ததும், தோளில் சுற்றியிருந்த லேசோ துணியை அவிழ்த்துக் குழிக்குள் போட்டாள். அவன் களியை அதில் சுற்றினான். தலைப்பக்கம், கால்பக்கம் முடிச்சுப் போட்டான். மேலே ஏறி வந்து அவளிடம் காட்டினான். அவள் வாயைத் திறந்து அழுதாள்.

அந்த அழுகையில் நடிப்பு இருந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். டிரைவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பித் தொப்பியைக் கழற்றினார்கள்.

வெற்றுக் குழிக்கு மேல் முதல் லோடு மண்ணைக் கொட்டியது நான்தான். ஒமூகா ஒரு கையில் மூட்டையை அணைத்துக்கொண்டு, மறுகையால் கொடியைக் காட்டினான். அவ்வளவு நேரான சைகை அவன் அதுவரை காட்டியதில்லை. பிறகு கொடியை இன்னொருவனிடம் கொடுத்தான்.

மண்மேட்டை இரவு பகலாக அள்ளி, பாசஞ்சர் வருவதற்குள் தூணின் காலடியைச் சுத்தமாக்கினார்கள். மக்கோகா கர்டர் முனையைக் கொஞ்சம் அறுத்து இடைவெளி விட்டார். ரயில் நடந்து போவதுபோலப் பாலத்தைக் கடந்தது. தூண் அதற்கு மேல் நகரவில்லை. பழைய இடத்துக்குத் திரும்பவும் இல்லை. "பாரத்த எடுத்துட்டா திரும்பி வந்துடுமா?" என்று கதுங்கே அம்மாவே கேட்டாள், பதில் தெரிந்தும். "போனது போனதுதான்" என்றார் மக்கோகா.

நான் சொல்ல வந்தது குழி தோண்டிய அன்று சாயங்காலம் நடந்ததை.

ஒமூகாவையும் மூட்டையையும் என் வண்டியில் ஏற்றிக்கொண்டு புது வீட்டுக்குப் போனேன். அபோண்டி குழந்தையோடு மோட்டார் சைக்கிளில் முன்னால் போய்விட்டாள். வண்டியின் பின்பக்கம் மூன்று பேர் தொற்றிக்கொண்டு வந்தார்கள். செத்தவனை இடம் மாற்றும்போது வழியைச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். சொல்லாவிட்டால் அவன் பாதியில் இறங்கிவிடுவான். ஒமூகா மூட்டையை மடியில் வைத்து, பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னான்.

"அண்ணே, ரோட்டுல ஏறுறோம்."

"அண்ணே, தண்டவாளம் தாண்டுறோம். பாத்து."

"அண்ணே, இது நம்ம நிலம் இல்ல, இங்க இறங்கிடாத."

களியின் ஈரம் துணியில் ஊறி அவன் கால்சட்டை கறுத்துக்கொண்டிருந்தது. வழியில் கடைத்தெருவில் பின்னால் இருந்த மூவரும் இறங்கிக்கொண்டார்கள். வண்டிக்குள் நாங்கள் இருவர் மட்டும். நான் வேகம் கூட்டினேன்.

"அண்ணே, மேடு ஏறுறோம்" என்றான் ஒமூகா.

"அவங்க இறங்கிட்டாங்கடா."

"தெரியும்" என்றான். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி, மெதுவாக, "அண்ணே, வீடு வந்துடுச்சு."

அபோண்டி வாசலில் நின்றாள். உள்ளே தரை பெருக்கி, நடுவில் பாய் விரித்திருந்தது வெளியிலிருந்தே தெரிந்தது. தலைமாட்டில் விளக்கு ஏற்றியிருந்தாள். குழந்தை பாயின் ஓரத்தில் உட்கார்ந்து விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. ஒமூகா வாசல்படியில் கால் வைத்தான். அவள் நகரவில்லை. இரண்டு கைகளையும் நீட்டி மூட்டையை வாங்கிக்கொண்டாள், தூங்கும் பிள்ளையை வாங்குவதுபோல, தலைக்குக் கீழே கை கொடுத்து.

"நாளைக்குப் பெரியவங்க வந்து குழி தோண்டுவாங்க" என்றாள். "இன்னிக்கு அவரு தன் வீட்டுல படுக்கணும்."

புதைப்பதற்கு முன் வீட்டுக்காரன் ஓர் இரவு தன் வீட்டில் கிடக்க வேண்டும். பெண்டாட்டி பக்கத்தில் இருக்க வேண்டும். அன்றைக்கு வேறு ஆண் அந்தக் கூரைக்குக் கீழே வரக் கூடாது. இது ஒமூகாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் நின்றான்.

"அபோண்டி, நீதான் பாத்துக்கிட்டு இருந்தியே. அது என்னன்னு உனக்கே தெரியும். நாலு பேருக்காக நான்..."

"வழி சொல்லிக் கூப்பிட்டியா?"

அவன் என் பக்கம் திரும்பினான்.

"கூப்பிட்டானா மச்சான்?" என்று என்னைக் கேட்டாள்.

"கூப்பிட்டான்" என்றேன். வேறென்ன சொல்வது?

"வழியெல்லாம் அண்ணே அண்ணேன்னு கூப்பிட்டுக் கூட்டிட்டு வந்துட்டு, வாசலுக்கு வந்ததும் மண்ணுங்கிறியா?" அவள் கோபப்படவில்லை. எங்களுக்குச் சாப்பாடு போடும்போது பேசுகிற அதே குரல். "காய்க்குப் பேரு வெச்சப்ப காய் அவரா ஆச்சுல்ல? தள்ளி நில்லு. அவரு உள்ள வரட்டும்."

கதவு சாத்திக்கொண்டது. தாழ் விழுந்தது.

ஒமூகா என் வண்டியின் படியில் வந்து உட்கார்ந்தான். வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. மலைப் பக்கம் மழை இறங்கிவிட்டது. அதன் வாசனை வந்தது. கையில் காய்ந்துகொண்டிருந்த களியை அவன் நகத்தால் சுரண்டினான்.

"எங்க வீட்டுக்கு வா" என்றேன். "சாப்பிட்டுப் படு. நாளைக்குப் புதைச்சதும் சரியாயிடும்."

"எதைப் புதைச்சதும்?"

உள்ளே அபோண்டி பேச ஆரம்பித்திருந்தாள். பழைய வீட்டை எப்படி இடித்தார்கள் என்று சொன்னாள். அப்பாவையும் அம்மாவையும் எங்கே வைத்திருக்கிறது என்று சொன்னாள். குழந்தையின் பெயரைச் சொன்னாள். மகளுக்குப் பல் முளைப்பதைச் சொன்னாள். குழந்தை அழவில்லை. பிறகு ஒமூகாவின் பெயர் வந்தது. என்ன சொன்னாள் என்று சரியாகக் கேட்கவில்லை. ஒமூகா சுரண்டுவதை நிறுத்தினான்.

அவளும் நிறுத்தினாள். ஒருவர் பேசி முடிக்க ஆகும் நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு அவள், "ம்" என்றாள்.